லைட் வாடகைக்கு எடுக்காமல், கிடைக்கும் வெளிச்சத்திலேயே குறும்படம் எடுக்க முடியுமா?

கேள்வி இதுதான். பத்து நிமிடக் குறும்படம். ஒரு வீடு, அதன் வாசல், பக்கத்துத் தெரு, இவ்வளவுதான் இடம். நடிகர்கள் இரண்டு பேர். கையில் ஒரு சாதாரண கேமரா, ஒரு 50 மி.மீ. லென்ஸ், ஒரு ஃபோன். லைட் வாடகைக்கு எடுக்கப் பணம் இல்லை. கதையில் ஒரு இரவுக் காட்சியும் இருக்கிறது. சூரிய வெளிச்சத்தையும் வீட்டில், தெருவில் ஏற்கெனவே எரியும் விளக்குகளையும் மட்டும் நம்பி இதை எடுத்துவிட முடியுமா? எடுத்தால் விசேஷ வீட்டு வீடியோ மாதிரி தெரியாமல் இருக்குமா?

முடியும், நன்றாகவே முடியும். லைட் இருக்கிற யூனிட்டில் நடிகரை வேண்டிய இடத்தில் உட்கார வைத்துவிட்டு வெளிச்சத்தை அவரிடம் கொண்டுவருவார்கள். உங்களிடம் லைட் இல்லாததால், வெளிச்சம் இருக்கும் இடத்துக்கு, அது இருக்கும் நேரத்தில், நடிகரைக் கூட்டிப்போக வேண்டும். அதனால் உங்கள் லைட்டிங் வேலையில் முக்கால்வாசி கேமராவைத் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்: கதை எழுதும்போது, இடம் பார்க்கும்போது, ஷெட்யூல் போடும்போது. நான் இங்கே சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

முதலில் எதுவரை அனுமதி என்று உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். 1995இல் டென்மார்க் இயக்குநர்கள் லார்ஸ் வான் ட்ரையரும் தாமஸ் வின்டர்பெர்க்கும் அறிவித்த டாக்மே 95 விதிகளில் தனி லைட்டிங்குக்கே இடமில்லை. வெளிச்சம் போதவில்லை என்றால் காட்சியை வெட்டிவிடு, இல்லாவிட்டால் கேமராவோடு ஒரே ஒரு விளக்கை இணைத்துக்கொள் என்பது அவர்கள் கட்டளை. நீங்கள் அவ்வளவு கறாராக இருக்க வேண்டாம். மேஜை விளக்கை இரண்டடி நகர்த்துவது, பல்பை மாற்றுவது, ஜன்னலுக்கு மெல்லிய திரை போடுவது, வெள்ளைத் துணியால் வெளிச்சத்தைத் திருப்புவது, கறுப்புத் துணியால் அடைப்பது எல்லாமே கிடைக்கிற வெளிச்சத்தைப் பயன்படுத்தும் வேலைதான்.

ஸ்கிரிப்ட்டில் இருந்து ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு காட்சித் தலைப்புக்கும் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இந்தக் காட்சியில் முகத்தின் மேல் விழும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? ‘கிழக்கு ஜன்னல், காலை.’ ‘திறந்த வாசல், மதியம்.’ ‘சமையலறை பல்பு, இரவு.’ பதில் வராத காட்சி இருந்தால் அதை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். நள்ளிரவில் வெட்டவெளியில் இருவர் பேசுவதாக எழுதியிருந்தால், அதே பேச்சை ஒரு தெருவிளக்கின் கீழோ, கதவு திறந்திருக்கும் வீட்டு வாசலிலோ வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் காட்சி கெடாது. யார் வெளிச்சத்தில் நிற்கிறார், யார் இருட்டில் நிற்கிறார் என்று ஒரு புதுக் கேள்வி முளைத்து, காட்சிக்குக் கூடுதலாக ஒன்று கிடைக்கும்.

இடம் பார்க்கப் போகும்போது வீடு அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, ஜன்னல்கள் எந்தத் திசையில் எவ்வளவு பெரியதாக இருக்கின்றன என்று பாருங்கள். சூரியன் மணிக்கு 15 டிகிரி வீதம் நகர்கிறது. காலை எட்டு மணிக்குத் தரையில் சதுரமாக விழுந்த வெயில் பத்து மணிக்கு வேறு சுவரில் இருக்கும், அல்லது அறையை விட்டே போயிருக்கும். சன் சீக்கர், ஃபோட்டோபில்ஸ் போன்ற செயலிகள் குறிப்பிட்ட தேதியில் சூரியன் எங்கே இருக்கும் என்று திரையிலேயே காட்டும். ஆனாலும் எதிரில் மாடி வீடு மறைக்கிறதா, மரக்கிளை குறுக்கே வருகிறதா என்பதை நேரில் போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும். ஒரு முழுநாள் அங்கே இருங்கள். மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு ஜன்னலருகிலும் ஒரு ஆளை நிறுத்தி ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அன்று மாலை அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஷெட்யூல் பாதி தானாக எழுதிக்கொள்ளும்.

நேர் வெயில் விழாத ஜன்னல்தான் நம்மைப் போன்றவர்களுக்குச் சொத்து. வானத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வாங்கும் ஜன்னல் மணிக்கணக்காக ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பூமியின் வட பாதியில் பொதுவாக வடக்கு ஜன்னல் அப்படிப்பட்டது. வெப்பமண்டலப் பகுதியில் வருடத்தில் சில மாதங்கள் சூரியன் வடக்கே சாய்ந்து போகும் என்பதால், படப்பிடிப்பு மாதத்தையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள்.

இனி அந்த ஜன்னலருகில் என்ன செய்வது என்று கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இந்தப் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

ஒரு பெண் ஜன்னலருகில் உட்கார்ந்து கடிதம் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, அறையில் எரியும் டியூப்லைட்டையும் பல்பையும் அணைப்பது. பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு), வீட்டு மஞ்சள் பல்பு சுமார் 2700. இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் ஆரஞ்சு. அதைப் பின்னால் கலர் கரெக்‌ஷனில் சரிசெய்வது பெரிய பாடு. அமெச்சூர் படம் என்று முதல் பார்வையிலேயே காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்தக் கலப்படம்தான்.

அடுத்து, நாற்காலியை எங்கே போடுவது? உங்கள் கையை முஷ்டியாக மடக்கி, முகம் இருக்கப்போகும் உயரத்தில் பிடித்துக்கொண்டு, ஜன்னலை ஒட்டி ஆரம்பித்து மெல்லப் பின்னால் நடந்து பாருங்கள். ஜன்னலை ஒட்டி இருக்கும்போது ஒரு பக்கம் பளீரென்றும் மறுபக்கம் கறுத்தும் இருக்கும். அங்கே அரை அடி நகர்ந்தாலே வெளிச்சம் மாறிவிடும். நாலைந்து அடி தள்ளி வந்ததும் வித்தியாசம் தணியும், நடிகர் கொஞ்சம் முன்னே பின்னே அசைந்தாலும் எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் வெளிச்ச அளவு) தாங்கும். அதற்கும் பின்னால் போனால் ஜன்னல் சிறிய ஒளிப்பரப்பாகச் சுருங்கி, நிழல் திரும்பவும் கூர்மையாகும், வெளிச்சமும் போதாது. நகராமல் உட்கார்ந்து படிக்கிற காட்சிக்கு ஜன்னலருகே போங்கள். எழுந்து நடமாடுகிற காட்சிக்குத் தள்ளி வாருங்கள். கையை அங்கேயே வைத்துத் திருப்பிப் பார்த்தால், முகம் எந்தக் கோணத்தில் திரும்பினால் மூக்கின் நிழல் எங்கே விழும் என்பதும் நடிகர் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கேமராவை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஜன்னலை உங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்தால் முகம் முழுக்க ஒரே வெளிச்சமாக, பாஸ்போர்ட் ஃபோட்டோ மாதிரி தட்டையாகிவிடும். ஜன்னலை நடிகருக்குப் பின்னால் வைத்தால் அவர் வெறும் நிழலுருவம் ஆவார், வெளியே எல்லாம் வெளுத்துப்போகும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். நடிகரின் முகம் ஜன்னலை நோக்கிப் பாதி திரும்பியிருக்கட்டும். கேமரா, முகத்தின் இருண்ட பக்கத்திலிருந்து பார்க்கட்டும். அப்போது நமக்கு அருகில் இருக்கும் கன்னம் நிழலிலும், தூரத்துக் கன்னமும் நெற்றியும் வெளிச்சத்திலும் இருக்கும், முகத்துக்கு ஒரு உருட்சி வரும். கண்ணைக் கவனியுங்கள். ஜன்னலின் ஒரு சின்னப் பிரதிபலிப்பு கண்மணியில் தெரிய வேண்டும். அது தெரிந்தால் கண்ணில் உயிர் இருக்கும். தெரியவில்லை என்றால் முகவாயைக் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்கள், அல்லது கடிதத்தை இன்னும் ஜன்னல் பக்கமாகப் பிடிக்கச் சொல்லுங்கள்.

இப்போது ஃபிரேமைப் பார்த்தால் ஏதோ ஒன்று இன்னும் சப்பென்று இருக்கும். காரணம் பெரும்பாலும் வெள்ளைச் சுவர்கள். ஜன்னல் வெளிச்சம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து நிழல் பக்கத்தையும் நிரப்பிவிடுகிறது. எல்லாரும் வெளிச்சத்தைச் சேர்ப்பதைப் பற்றியே கேட்கிறார்கள். சின்ன அறையில் நமக்கு அதிகம் தேவைப்படுவது வெளிச்சத்தைக் கழிப்பது. ஒரு கறுப்புப் போர்வையையோ வேட்டி அளவு கறுப்புத் துணியையோ நடிகரின் நிழல் பக்கத்தில், ஃபிரேமுக்கு இம்மி வெளியே, இரண்டு பேர் பிடித்துக்கொள்ளட்டும். துணி நெருங்க நெருங்க அந்தக் கன்னம் ஆழமாவதைத் திரையில் நேரடியாகப் பார்க்கலாம். அதையே விலக்கி விலக்கி உங்களுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துங்கள். பெரிய யூனிட்டுகளில் கட்டர் என்ற கறுப்புத் தட்டியை வைத்து லைட்மேன்கள் செய்யும் வேலையும் இதுதான். செலவே இல்லாத இந்தக் கறுப்புத் துணியை, வாங்கச் சொல்லி விளம்பரப்படுத்தும் எந்த எல்இடி பேனலுக்கும் மேலாக நான் மதிக்கிறேன்.

எதிர்ப்பக்கம் தேவைப்பட்டால், அதாவது நிழல் ரொம்பக் கறுத்துவிட்டால், அதே இடத்தில் தெர்மாகோல் அட்டை. முகத்துக்கு நேராகக் கீழிருந்து பிடிக்காதீர்கள், பேய்ப்படம் போல ஆகிவிடும். கண் உயரத்தில், பக்கவாட்டில். மினுமினுக்கும் வெள்ளி ரிஃப்ளெக்டர் வேண்டவே வேண்டாம், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். ஜன்னல் வழியாக நேர் வெயில் விழுந்து முகத்தைச் சுட்டால், வெள்ளை வாயல் (மெல்லிய பருத்தி) துணியோ மெல்லிய பெட்ஷீட்டோ ஜன்னலில் கட்டுங்கள். அந்தத் துணியே ஒளிரும் பெரிய பரப்பாகிவிடும். இன்னொரு வழியும் உண்டு: வெயில் விழும் தரையில் வெள்ளைத் துணியை விரித்தால் அங்கிருந்து எகிறும் வெளிச்சம் அறை முழுவதையும் தூக்கிவிடும்.

இந்தத் துணி வேலைக்குப் பெரிய பரம்பரை இருக்கிறது. 1956இல் வந்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வுக்காகக் காசியில் உள்ள ஒரு வீட்டின் முற்றத்தை ஸ்டுடியோவில் செட்டாகப் போட்டபோது, அங்கே வானத்திலிருந்து மட்டும் இறங்கும் நிழலில்லாத வெளிச்சத்தைக் கொண்டுவர ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா செட்டின் மேல் வெள்ளைத் துணியைக் கட்டி, லைட்டுகளை அதில் அடித்துத் திருப்பினார். நேராக முகத்தில் லைட் அடிப்பது வழக்கமாக இருந்த காலம் அது. அவர் லைட் வைத்துக்கொண்டு இயற்கையை நகல் எடுத்தார். உங்களிடம் அசலே இருக்கிறது.

தோல் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கறுத்த முகத்தை ‘தெரியணும்’ என்று எக்ஸ்போஷரைத் தூக்கி வெளுக்க வைக்காதீர்கள். கறுத்த தோல் ஜன்னல் போன்ற பெரிய ஒளிப்பரப்பைத் தன்மேல் மினுக்கமாகத் திருப்பிக் காட்டும். கன்ன எலும்பிலும் நெற்றியிலும் அந்த மினுக்கம் விழுந்தாலே முகம் முழுசாகப் படிக்கக் கிடைக்கும். பின்னணிச் சுவர் முகத்தைவிடப் பிரகாசமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும். அந்த நிறத்தை இருக்கிறபடியே எடுங்கள்.

சரி, வெளியே வருவோம். உச்சி வெயிலில் வெட்டவெளியில் க்ளோஸப் எடுக்காதீர்கள். கண்குழி இருண்டு, மூக்கு நிழல் மேலுதட்டில் விழும். அந்த நேரத்தை நிழலான இடத்துக்கு ஒதுக்குங்கள்: தாழ்வாரம், வாசல், கட்டடத்தின் நிழல் பக்கம். நிழலின் உள்ளே ரொம்ப ஆழத்துக்குப் போக வேண்டாம், வெயிலும் நிழலும் சந்திக்கும் விளிம்புக்கு இரண்டடி உள்ளே நிறுத்தினால், எதிரே வெயில் பட்ட தரையும் சுவரும் முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பெரிய பவுன்ஸ் ஆகிவிடும். அந்தச் சுவரின் நிறத்தை மட்டும் பாருங்கள். பச்சைச் சுவரோ புல்தரையோ எதிரில் இருந்தால் முகமும் நோய் வந்த மாதிரி பச்சையாகும். மரத்தடி பார்க்க அழகு, ஆனால் இலைகளுக்கிடையே விழும் வெயில் புள்ளிகள் முகத்தைக் கிழித்துப்போடும், காற்றடித்தால் புள்ளி வேறு இடம் போகும், ஷாட்டுக்கு ஷாட் ஒட்டாது. அடர்ந்த மரமாகப் பாருங்கள், அல்லது அந்தப் புள்ளிகள் பின்னணியில் மட்டும் விழும்படி நிறுத்துங்கள்.

காலை முதல் இரண்டு மணி நேரமும் மாலை கடைசி இரண்டு மணி நேரமும் சாய்ந்த வெயில். அப்போது சூரியனை நடிகருக்குப் பின்னால் வைத்து, முகத்துக்கு முன்னால் தெர்மாகோல் பிடித்தால் தலைமுடியிலும் தோளிலும் ஒரு கோடு விழுந்து பின்னணியிலிருந்து ஆள் பிரிந்து நிற்பார். இருவர் எதிரெதிரே பேசும்போது ஒருவருக்குப் பின்னால் சூரியன் என்றால் மற்றவர் முகத்தில் நேர் வெயில் அடிக்குமே என்று கேட்பீர்கள். முதல் ஆளின் க்ளோஸப்புகளை முடித்துவிட்டு, இரண்டாமவரையும் சூரியனுக்கு முதுகு காட்டித் திருப்பி நிறுத்தி எடுத்துவிடுங்கள். கண்பார்வைத் திசை சரியாக இருக்கும்வரை பார்வையாளர் இருவருக்கும் பின்வெளிச்சம் இருப்பதைக் கேள்வி கேட்கவே மாட்டார். சினிமாவில் தினமும் நடக்கிற ஏமாற்று இது.

அந்த நேரம் குறைவு என்பதால் எதை முதலில் எடுப்பது என்பது முக்கியம். வைட் ஷாட்டில் வானம், தெரு, நிழலின் நீளம் எல்லாம் தெரியும், அதைப் பின்னால் போலி செய்ய முடியாது. அதனால் நல்ல வெளிச்சம் வைட் ஷாட்டுக்கு. க்ளோஸப்பில் முகமும் கொஞ்சம் மங்கலான பின்னணியும்தான். அதை ஒரு மணி நேரம் கழித்துக்கூட நிழலில் ஒதுங்கி, துணியும் தெர்மாகோலும் வைத்து ஒட்ட வைத்துவிடலாம். மேகம் வந்து வந்து போகும் நாளில் ‘மேகத்தில் எடுக்கிறோம்’ அல்லது ‘வெயிலில் எடுக்கிறோம்’ என்று காட்சி தொடங்கும்போதே முடிவு செய்து, அதற்காகக் காத்திருங்கள். பாதி வெயிலும் பாதி மேகமுமாக எடுத்த காட்சியை எடிட்டில் யாராலும் காப்பாற்ற முடியாது. முழுக்க மூடிய வானம் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள், அன்று நாள் முழுக்கக் கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் ஒட்டுமா என்ற) கவலை இல்லை. வானத்தை மட்டும் ஃபிரேமில் சேர்க்காதீர்கள், வெறும் வெள்ளையாகத் தெரியும்.

கேமரா விஷயம் சுருக்கமாக. வொயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்), ஃபோகஸ் நான்கையும் ஆட்டோவிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் நடிகர் ஜன்னலைத் தாண்டி நடக்கும்போது படம் தானாக இருண்டு வெளுக்கும். ஃபோனில் இதற்கு பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலி நன்றாக உதவும். ஃபோனின் பிரதான லென்ஸையே பயன்படுத்துங்கள், மற்ற லென்ஸ்களின் சென்ஸார் பெரும்பாலும் சிறியது, வெளிச்சம் குறைந்தால் புள்ளிப்புள்ளியாகும்.

ஷட்டர் பற்றித் தெளிவாக இருக்க வேண்டும். வினாடிக்கு 24 அல்லது 25 ஃபிரேம் எடுக்கும்போது ஷட்டர் 1/50 வைத்தால்தான் அசைவு நாம் சினிமாவில் பார்த்துப் பழகிய மாதிரி இழையும். முழு வெயிலில் இது சிக்கல். பழைய ஃபோட்டோகிராஃபர்களின் கணக்குப்படி முழு வெயிலுக்கு ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100, எஃப் 16 (எஃப் என்பது லென்ஸின் துவாரமான அப்பெர்ச்சரின் அளவு, எண் கூடினால் துவாரம் சிறியது). ஷட்டரை 1/50 ஆக்கினால் எஃப் 22. உங்களுக்குப் பின்னணி மங்கலாக எஃப் 2.8 வேண்டும் என்றால் ஆறு ஸ்டாப் வெளிச்சத்தை (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்) வெட்ட வேண்டும், அதற்கு லென்ஸுக்கு முன்னால் போடும் சாம்பல் கண்ணாடியான என்டி 1.8 ஃபில்டர். பெரும்பாலான ஃபோன்களில் அப்பெர்ச்சரை மாற்ற முடியாததால் வெயிலில் அது ஷட்டரை 1/4000 பக்கம் ஏற்றிவிடும், ஓடுகிற ஆள் வெட்டி வெட்டித் தெரிவார். ஆகவே நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரே பொருள் என்டி ஃபில்டர்தான். அதுவும் இல்லையென்றால் வெயில் காட்சிகளில் ஆட்களை அதிகம் அசையவிடாதீர்கள்.

எக்ஸ்போஷர் வைக்கும்போது ஹிஸ்டோகிராமையும் (வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம்) ஸீப்ராவையும் (வெளுக்கும் இடத்தில் திரையில் தோன்றும் கோடுகள்) பாருங்கள். டிஜிட்டலில் வெளுத்துப்போன இடத்தில் தகவலே இருக்காது, அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஜன்னலுக்கு வெளியே வானம் கொஞ்சம் எரிந்தால் பரவாயில்லை, நெற்றி எரியக் கூடாது. அதே நேரம் ‘இருட்டாக எடுத்துவிட்டுப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம்’ என்ற பழக்கத்தையும் விடுங்கள். ஐஎஸ்ஓவைக் குறைத்து எடுத்து எடிட்டில் தூக்குவதைவிட, தேவையான ஐஎஸ்ஓவை வைத்துச் சரியாக எடுத்தால் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிகள்) குறைவாகவே இருக்கும். எட்டு பிட்டில், அதாவது குறைந்த நிறப்படிகளில், பதிவு செய்யும் கேமராவாக இருந்தால் இருட்டுக் காட்சிகளில் லாக் ப்ரொஃபைல் (பின்னால் கலர் செய்வதற்காகப் படத்தை வெளிறலாகப் பதிவு செய்யும் முறை) வேண்டாம், நிழல்கள் பட்டை பட்டையாக உடையும்.

அப்புறம் அந்த இரவுக் காட்சி. உங்கள் கேள்வியில் பயம் தெரிந்த இடம் இதுதான், ஆனால் இது நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை.

இரவு என்றால் எல்லாம் இருட்டு என்று நினைக்கிறோம். திரையில் இரவாகத் தெரிவதற்கு வேண்டியது ஃபிரேமுக்குள் ஒரு பிரகாசமான புள்ளியும் அதைச் சுற்றி இருட்டும். மொத்தமும் மங்கலாக இருந்தால் அது வெறும் அண்டர் எக்ஸ்போஷர். அதனால் விளக்கை ஒளிக்காதீர்கள், ஃபிரேமுக்குள்ளேயே வையுங்கள். வீட்டுக்குள் என்றால் ஒரு மேஜை விளக்கு. நடிகரிடமிருந்து நாலடியில் இருப்பதை இரண்டடிக்குக் கொண்டுவந்தால் அவர் மேல் விழும் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். வாட்ஸ் கூடிய பல்பு வாங்குவதைவிட இதுவே முதல் வழி. கேமராவைப் பார்க்கும் பக்கம் மட்டும் விளக்கின் மூடியினுள் ஒரு காகிதத்தை ஒட்டினால் மூடி எரிந்து தெரியாது, முகத்துக்குப் போகும் வெளிச்சமும் குறையாது. சூடாகாத எல்இடி பல்புக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். இங்கே வொயிட் பேலன்ஸை 3200 கெல்வின் பக்கம் வைத்தால் விளக்கின் மஞ்சள் கொஞ்சம் மிச்சமிருக்கும், அது இருக்கட்டும்.

விளக்குகளில் ஃப்ளிக்கர் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கிறது, 1/50 அல்லது 1/100 ஷட்டர் அதோடு ஒத்துப்போகும். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/60 அல்லது 1/120. மலிவான எல்இடி பல்புகள் சில இதற்கும் அடங்காது, திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். முந்தின நாளே ஒவ்வொரு பல்பையும் கேமராவில் பார்த்து, ஓடுகிறதைக் கழற்றிப் போட்டுவிடுங்கள்.

மெழுகுவர்த்தியில் எடுக்க முடியுமா என்று பலர் கேட்பார்கள். 1975இல் வந்த ‘பேரி லிண்டன்’ படத்தில் மெழுகுவர்த்திக் காட்சிகளுக்காக இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக், நாசாவுக்கென்று ஸைஸ் என்ற ஜெர்மன் நிறுவனம் தயாரித்த எஃப் 0.7 லென்ஸைத் தேடி வாங்கினார், ஃபிலிமை ஐஎஸ்ஓ 200 வேகத்துக்குத் தள்ளி எடுத்தார்கள். இன்று உங்கள் 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2, ஐஎஸ்ஓ 1600 வைத்தால் அதே அளவு எக்ஸ்போஷர் கிடைக்கும். ஒற்றைத் திரி போதாது, ஃபிரேமுக்கு வெளியே இன்னும் நாலைந்து ஏற்றி வையுங்கள். எஃப் 2இல் ஃபோகஸ் ஒரு கண்ணில் இருந்து மறு கண்ணுக்குத் தப்பிவிடும், எனவே நடிகர் முன்னே பின்னே சாயாத காட்சியாக இருக்க வேண்டும். நெருப்புக்குப் பக்கத்தில் துணி, திரை எதுவும் இருக்கக் கூடாது, ஒரு வாளித் தண்ணீரோடு ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

வெளிப்புற இரவுக்கு என் முதல் ஆலோசனை, அதை அந்திக்கு மாற்றுவது. சூரியன் இறங்கிய பிறகு வானத்தில் நீலம் மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் எரியும் பல்பும் வெளியே உள்ள வானமும் சம அளவுக்கு வரும். கேமராவில் வொயிட் பேலன்ஸை 3200, 4000 என்று இறக்கினால் வெளியே ஆழ்ந்த நீலம், வாசல் பல்பு மஞ்சள். திரையில் அது இரவுதான். வெப்பமண்டலப் பகுதிகளில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் இந்த நேரம் 20, 25 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் இரண்டு மூன்று ஷாட்டுக்கு மேல் வராது. மாலை முழுவதும் அதே ஷாட்டுகளை ரிகர்சல் பார்த்து, கேமரா இடத்தைத் தரையில் டேப் ஒட்டி வைத்து, வானம் இறங்கக் காத்திருக்க வேண்டும்.

முழு இருட்டில் தெருவில் எடுப்பது என்றால், தெருவிளக்குக்கு நேர் கீழே நிறுத்தாதீர்கள், உச்சி வெயிலின் அதே பிரச்சினை வரும். விளக்கிலிருந்து நன்றாகத் தள்ளி, முகம் விளக்கைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். மூடிய கடையைவிட விளக்கெரியும் கடையின் எதிரே நிறுத்துவது மேல், அந்தக் கண்ணாடி முகப்பு ஒரு பெரிய ஜன்னல். தரையில் தண்ணீர் தெளித்தால் பின்னாலிருக்கும் விளக்குகள் தரையில் மின்னி, கறுப்பாகப் போயிருக்கும் பாதி ஃபிரேம் உயிர் பெறும். பழைய சோடியம் விளக்குகளின் ஆரஞ்சை எந்த கலர் கரெக்‌ஷனாலும் இயல்பாக்க முடியாது. அங்கே எடுத்தால் அந்த நிறத்தை ஏற்றுக்கொண்டே எடுங்கள்.

எடிட்டில் கலர் செய்யும்போது ஷாட்டுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இயற்கை வெளிச்சத்தில் எடுத்த முகத்துக்கு மேல் நீலமும் ஆரஞ்சும் பூசினால், இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்தது முழுவதும் போய்விடும். இன்னொரு லாபத்தையும் மறக்காதீர்கள். ஜெனரேட்டர் இல்லை, கூட்டம் இல்லை, லைட் நகர்த்தக் காத்திருக்கும் நேரம் இல்லை. அந்த அமைதியை ஒலிக்குப் பயன்படுத்துங்கள், ஃபேனை நிறுத்தி, அந்த ஃபோனையே வசனத்துக்கு நெருக்கமாக வைத்துத் தனியாகப் பதிவு செய்யுங்கள். கொஞ்சம் நாய்ஸ் உள்ள படத்தைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார், கேட்காத வசனத்தைப் பொறுக்க மாட்டார்.

உங்கள் படத்துக்கு நான் ஷெட்யூல் போட்டால் இப்படிப் போடுவேன். முதல் நாள் காலை சாய்ந்த வெயிலில் தெருவின் வைட் ஷாட்டுகள், வெயில் ஏறியதும் வாசல் நிழலில் அதே காட்சியின் க்ளோஸப்புகள், மதியம் முழுவதும் வெயில் விழாத ஜன்னலருகே அறைக் காட்சிகள், நாலரை மணியிலிருந்து வாசலில் இரவுக் காட்சிக்கான ரிகர்சல், அந்தியில் அதன் வைட் ஷாட்டும் ஒரு டூ ஷாட்டும் (இருவரும் சேர்ந்து தெரியும் ஷாட்). இருட்டிய பிறகு அதன் க்ளோஸப்புகளை வாசல் பல்பின் வெளிச்சத்திலேயே எடுத்துவிடலாம், பின்னணி கறுப்பாக இருந்தாலும் ஒட்டும். இரண்டாம் நாள் காலை மிச்சமிருக்கும் அறைக் காட்சிகள், மாலை அந்தியைக் காலியாக விட்டு வையுங்கள். முதல் நாள் மேகம் மூடியிருந்தாலோ, அந்தி ஷாட்டில் ஃபோகஸ் போயிருந்தாலோ, அதைத் திரும்ப எடுக்க அந்த 20 நிமிடம் வேண்டும்.